மருத்துவ பீட வாயிலில் கிராமமும் நகரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இச்சபையிலே வழக்கமாகப் பேசப்படுவன சமய விடயங்கள். இன்று யாம் எடுத்துக்கொண்டதோ மருத்துவ பீட அனுமதி பற்றிய பேச்சு. "சைவத்துக்கும் சோதனைப் புள்ளிக்கும் என்ன தொடர்பு?" என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த மறுநாள் நம்மூர்க் கோயிலிலே அருச்சனைச் சீட்டு வாங்க நிற்பவர்களைப் பார்த்தாலே அத்தொடர்பு விளங்கும். ஒரு வீட்டார் நேர்த்தி நிறைவேற்ற வருகின்றனர்; இன்னொரு வீட்டார் அடுத்த முறையாவது கிடைக்க வேண்டுமென்று நேர்த்தி வைக்க வருகின்றனர். இருவீட்டுப் பிள்ளைகளும் ஒரே பரீட்சை எழுதியவர்கள்; ஆயின் இருவரும் அப்பரீட்சைக்கு வந்துசேர்ந்த பாதை ஒன்றன்று. அந்தப் பாதை நேரியதா என்று கேட்பது தருமத்தைப் பற்றிய கேள்வி. தருமத்தைப் பற்றிய கேள்வி இச்சபைக்கு உரியதே.

முதலில், இடங்கள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வோம். இதனை அறியாமலே வாதிடுவோர் நம்மிடையே பலர். மருத்துவம் விரும்பும் மாணவர் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்னும் மூன்று பாடங்களிலும் சித்தியடைதல் வேண்டும். அம்மூன்று பாடங்களின் புள்ளிகளிலிருந்து இசட் புள்ளி கணிக்கப்படுகிறது. ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளி அப்பாடம் எழுதியோரின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பதை அளந்து, கடினமான பாடத்தையும் எளிதான பாடத்தையும் ஒரே தராசில் நிறுப்பதற்காக ஏற்பட்ட முறை இது. 2001 ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் வழக்கில் உள்ளது. பின்னர்ப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடங்களை மூன்று கூறாக்குகிறது. நூற்றுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கேற்ப. எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கியவையெனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, மொனராகலை, அம்பாந்தோட்டை, மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு முதலியன அப்பதினாறினுள் அடங்கும். ஒருகாலத்திற் கல்விக்குப் பேர்போன யாழ்ப்பாணமும் இன்று அப்பட்டியலில் இருக்கிறது என்பதை நம் பெரியோர் கவனிப்பார்களாக.

இம்முறை ஒரே நாளில் வந்ததன்று. 1870 இல் கொழும்பிலே மருத்துவப் பாடசாலை தொடங்கியபோதும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமைந்து அது அதன் மருத்துவ பீடமானபோதும், உட்புகுவதற்கான திறவுகோல் ஆங்கிலமாகவே இருந்தது. ஆங்கிலம் கற்பித்த பாடசாலைகள் பட்டினங்களிலும் மிஷன் நிலையங்கள் அமைந்த ஊர்களிலுமே இருந்தன. 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. பின்னர்த் தாய்மொழி மூலம் விஞ்ஞானம் படிக்கும் வசதியும் வந்தது. 1962 இல் பேராதனையில் இரண்டாவது மருத்துவ பீடம் திறக்கப்பட்டது. ஆயினும் படிக்க விரும்பியோர் தொகை பெருகிய வேகத்துக்கு இடங்கள் பெருகவில்லை. இடம் குறைந்து கேள்வி மிகும்போது, எப்படிப் பங்கிடுவது என்ற வினா எழுவது இயல்பு.

அவ்வினாவுக்கு 1971 இல் அளிக்கப்பட்ட விடை நம் சமூகத்தின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. மருத்துவ அனுமதிக்கு 400 புள்ளிகளிலே தமிழ் மொழி மூலம் எழுதியோர் 250 புள்ளியும், சிங்கள மொழி மூலம் எழுதியோர் 229 புள்ளியும் பெறவேண்டுமென வரையறுக்கப்பட்டது. ஒரே பரீட்சை, ஒரே பாடத்திட்டம். எழுதிய மொழியால் மாத்திரம் 21 புள்ளி வித்தியாசம். இதனை நியாயமென்று எவராலும் நிறுவ இயலாது. இரவு பகலாகப் படித்த பிள்ளை, தான் செய்த பிழை யாதென்று அறியாமலே தள்ளப்பட்டது. தரப்படுத்தல் என்ற சொல் இன்றும் நம்மவர் வாயில் கசப்பதற்கு இதுவே காரணம். அந்தக் கசப்பு எத்தகைய பின்விளைவுகளுக்கு வித்திட்டதென்பதை இச்சபைக்கு யாம் சொல்லவேண்டியதில்லை.

நிற்க. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இதனையும் 1971 இன் செயலையும் ஒன்றாகவே கருதிப் பேசுவது நம் வழக்கம். இங்கே சற்று நிதானமாகச் சிந்தித்தல் வேண்டும். மாவட்ட ஒதுக்கீட்டால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இடங்களை இழந்தன; அது மெய். அதே ஒதுக்கீட்டால் மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் பிள்ளைகளுக்கு வழி சிறிது திறந்தது, அதுவும் மெய். இழந்த பிள்ளையும் தமிழ்ப் பிள்ளை. பெற்ற பிள்ளைகளுள்ளும் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. முதற்பிள்ளையின் கண்ணீரை நாம் நன்கு அறிவோம். அதைப் பற்றி எழுதியவர்களும் பேசியவர்களும் பலர். இரண்டாம் பிள்ளையின் மகிழ்ச்சியைப் பற்றி எழுதியவர் மிகச் சிலர். ஒரு மொழிக்கு அபராதம் விதிப்பது ஒன்று. பாடசாலையில்லாத ஊருக்கு இரங்குவது வேறொன்று. முன்னையதை எதிர்த்த அதே வாயினால் பின்னையதையும் எதிர்த்தால், நம் எதிர்ப்பின் நேர்மை குறைந்துபோகும்.

"யாழ்ப்பாணத்தார் இயல்பிலேயே கெட்டிக்காரர், அதனால்தான் வைத்தியர்கள் பெருகினர்" என்று சொல்வோர் உளர். நம்மைப் புகழும் சொல்லாதலால் அது காதுக்கு இனிமையாயிருக்கிறது. ஆயினும் சரித்திரம் வேறு கதை கூறுகிறது. வெசுலியன் மிஷனார் 1814 இலும் அமெரிக்க மிஷனார் 1816 இலும் இங்கு வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி எழுந்தது. 1847 இல் வைத்தியர் கிறீன் வந்து மானிப்பாயில் அமர்ந்து, அறுபதுக்கு மேற்பட்ட நம்மவரை மேனாட்டு வைத்தியத்திலே பயிற்றினார். அவர் காலத்திலே உடற்கூற்றியலும் இரணவைத்தியமும் தமிழ் நூல்களாக வெளிவந்து தமிழிலேயே கற்பிக்கப்பட்டன. அவர்களுடைய சமய நோக்கத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. எம்முட் சிலர் அத்தகைய பாடசாலைகளிற் படித்து, காலையில் அவர்கள் ஜெபத்தைக் கேட்டு, மாலையில் கோயில் மணியைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம். அங்கே கற்ற நன்றியை மறப்பதும் முறையன்று. அங்கே கற்றதனாற் சைவம் குன்றிப்போகவுமில்லை.

நாவலர் பெருமான் செய்ததை நினைவுகூர்க. அவரும் வெசுலியன் பாடசாலையிற் படித்தவர், அங்கேயே படிப்பித்தவர். அம்முறையின் வலிமையை உள்ளிருந்து கண்டு, 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர்தோறும் பாடசாலைகளை எழுப்பியது. கிழக்கிலே, மிஷன் பாடசாலையிற் படித்து விஞ்ஞானப் பட்டமும் பெற்ற விபுலாநந்த அடிகள் மட்டக்களப்புக் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை 1929 இல் திறந்தார். இவ்வாறு நூறாண்டுக்கு மேலாகப் பாடசாலைகள் ஒன்றன்மேலொன்றாக எழுந்த மண்ணிலே வைத்தியர்கள் விளைந்தனர். பாடசாலை எழாத மண்ணிலே விளையவில்லை. ஆகவே, மூளையை வைத்து ஊரை அளக்காதீர்கள். ஊருக்கு யார் பாடசாலை கட்டினார் என்று கேளுங்கள்.

இனி, கிராமத்து மாணவரின் இன்றைய நிலையைப் பார்ப்போம். இலங்கையில் ஏறக்குறைய பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பிப்பவை ஏறத்தாழ ஆயிரமே. அவ்வாயிரத்துள்ளும் தமிழ் மொழி மூலம் கற்பிப்பவை ஒரு பகுதி. சாதாரணதரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு அதிவிசேட சித்தி பெற்ற கிராமத்துப் பிள்ளை முதலிற் கேட்கும் கேள்வி, "எப்படிப் படிப்பது?" என்பதன்று, "எங்கே படிப்பது?" என்பதே. அருகிலுள்ள பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இராது. இருந்தால் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இரார். ஆசிரியர் வந்தால் ஆண்டு முடியுமுன் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார். ஆய்வுகூடத்திலே அலுமாரி இருக்கும். அதனுள் இருக்கவேண்டியவை இரா. அமில மூல நியமிப்பைக் கரும்பலகையிற் படமாகவே பார்த்துவிட்டுப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் இன்றும் உளர்.

ஆகவே பதினாறு வயதிலே அப்பிள்ளை வீட்டைவிட்டுப் பட்டினத்துக்குப் போகவேண்டும். ஒரு சொந்தக்காரர் வீட்டின் விறாந்தையோ, மாத வாடகைக்கு ஓர் அறையோ அதன் இருப்பிடமாகும். பெண்பிள்ளையானால் தாயின் அச்சமும் உடன்வரும். "எட்டப் போய்ப் படித்தது போதும்" என்ற சொல்லோடு முடிந்துபோன படிப்புகள் எத்தனையோ. பட்டினத்துக்குப் போனாலும் பாடசாலைப் படிப்பு மாத்திரம் போதாது. தனியார் வகுப்பு என்பது இக்காலத்தில் இரண்டாவது பாடசாலையாகிவிட்டது. ஒரு பாடத்துக்கு ஒரு வகுப்பு, மீட்டலுக்கு ஒரு வகுப்பு, வினாத்தாளுக்கு ஒரு வகுப்பு என்று மூன்று பாடத்துக்கும் கட்டணம் கட்டும் தகப்பன், கூலி வேலை செய்பவரானால் எங்கே போவார்? இணையவழி வகுப்புகள் வந்தபின் தூரம் குறைந்ததென்கின்றனர். தொலைபேசியும் அதற்குரிய காசும், ஊருக்குள்ளே அலைவரிசையும் உள்ளவர்க்கே அது குறைந்தது.

இன்னொன்று. உயர்தரப் பரீட்சைக்கு மும்முறை தோற்றலாம் என்பது விதி. விதி எல்லார்க்கும் ஒன்றே. ஆனால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எழுதுவதென்றால் இன்னும் ஓரிரு ஆண்டுகள் உழைக்காமல் வீட்டிலிருந்து படிக்கவேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வாய்ப்பு. வறிய வீட்டுப் பிள்ளைக்கு ஒரே வாய்ப்பு. சட்டப் புத்தகத்தில் மூன்றென்று அச்சடித்திருந்தாலும் அடுக்களையில் உலை வைப்பவள் கணக்கில் அது ஒன்றுதான். மருத்துவ பீடத்துக்குச் சென்றோரில் எத்தனை பேர் இரண்டாம், மூன்றாம் முறையிற் சென்றவர்கள் என்று உங்கள் உறவினர்களையே கேட்டுப் பாருங்கள். இச்சிறு விதியின் பெரும் பொருள் அப்போது விளங்கும்.

மலையகத்தின் நிலை இதனினும் கடினம். தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்டத் துரைமாரின் பொறுப்பிலே, ஓரிரு வகுப்புகளோடு, ஓர் ஆசிரியரோடு இருந்தன. 1948 இல் அம்மக்களின் குடியுரிமையே பறிக்கப்பட்டது. 1970களிலேதான் அப்பாடசாலைகள் அரசாங்கக் கல்வி முறையோடு சேரத் தொடங்கின. யாழ்ப்பாணத்துக்கு நூறாண்டு முன்னே கிடைத்தது அவர்களுக்கு நேற்றுக் கிடைத்தது. லயக் காம்பராவிலே தம்பி தங்கையரோடு ஒரே விளக்கின்கீழ்ப் படித்து, மலைப்பாதையிலே மழையில் நடந்து விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கும், நகரத்துக் கல்லூரி மாணவனுக்கும் வினாத்தாள் ஒன்றே. அப்பிள்ளைக்கு வெட்டுப்புள்ளியைச் சற்றுக் குறைத்தால் அது சலுகையா, பழைய கடனில் ஒரு சிறு தவணையா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

நகரத்து மாணவர் சுகமாக இருக்கின்றனர் என்று இதனாற் கொள்ளலாகாது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கொழும்பிலே படிக்கும் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முதற்கொண்டே ஓட்டந்தான். அதிகாலையில் வகுப்பு, பின் பாடசாலை, பின் மீண்டும் வகுப்பு; விளையாட்டுமில்லை, வாசிப்புமில்லை, கோயிலுமில்லை. ஈற்றிலே இசட் புள்ளியின் நான்காம் தசமத் தானத்தில் இடம் தவறுகிறது. தன்னிலும் குறைந்த புள்ளி பெற்ற இன்னொரு மாவட்டத்து மாணவர் மருத்துவ பீடத்தினுள்ளே இருக்கத் தான் வெளியே நிற்பதைக் காணும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குச் சமூக நீதியை எடுத்துரைப்பது எளிதன்று. அதன் வேதனை உண்மையானது.

அன்றியும், நகரத்திலிருப்போர் எல்லாரும் செல்வரல்லர். கொட்டாஞ்சேனையிலும் வத்தளைப் பக்கத்திலும் ஓர் அறை வீட்டில் ஆறேழு பேர் வாழும் குடும்பங்கள் உள்ளன. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரின் மகள் கொழும்பு மாவட்டத்துப் பரீட்சார்த்தி. கறுவாத்தோட்டத்து மாளிகையில் வாழ்பவரின் மகனும் கொழும்பு மாவட்டத்துப் பரீட்சார்த்தி. இருவர்க்கும் உயர்ந்த வெட்டுப்புள்ளி ஒன்றே. முன்னவளுக்கு இடம் கிடையாவிட்டால் படிப்பு அத்தோடு முடிந்தது. பின்னவனுக்குக் கிடையாவிட்டால் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி உண்டு. அங்கே பட்டம் பெற்று வந்து, மருத்துவ சபையின் தகுதிப் பரீட்சையிற் சித்தியெய்தி, அவனும் வைத்தியனாகலாம்.

இங்கேதான் இம்முறையின் முதன்மையான குறை வெளிப்படுகிறது. மாவட்டம் என்பது ஆட்சிக்காக வரைந்த எல்லை. வறுமைக்கு அந்த எல்லை தெரியாது. பின்தங்கிய மாவட்டமென்று ஒதுக்கிய இடங்களையும் அம்மாவட்டத்தின் தலைநகரிலுள்ள ஓரிரு பெரிய பாடசாலைகளே பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன. வெருகலிலோ, வாகரையிலோ, மடுவிலோ உள்ள பிள்ளை மாவட்டப் பட்டினத்துப் பிள்ளையோடு போட்டியிடுகிறது. கடைக்கோடிப் பிள்ளையின் பேரால் வந்த சலுகை அப்பிள்ளையின் கைக்கு எட்டுவதில்லை. சிலர் குறைந்த வெட்டுப்புள்ளியை நாடித் தம் பிள்ளைகளை வேறு மாவட்டப் பாடசாலைகளில் சேர்ப்பதும் உண்டு. அதைத் தடுப்பதற்காகவே பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் படித்த இடத்தைப் பார்க்கும் விதி வந்தது. அவ்விதி ஏமாற்றைத் தடுக்கும். ஆயினும் பாடசாலையில்லாத காரணத்தால் உண்மையாகவே ஊர்விட்டு ஊர் போய்ப் படித்த ஏழைப் பிள்ளை, போன இடத்து மாவட்டத்தின் கணக்கிலே சேர்ந்துவிடுவதும் அவ்விதியாலேதான்.

விண்ணப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெறுபேறு வந்தபின் ஆணைக்குழுவின் கைந்நூலை வாசித்து, கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப வரிசையில் நிரப்பவேண்டும். அந்த வரிசையைப் பின்னர் நினைத்தபடி மாற்ற முடியாது. பட்டினத்துப் பிள்ளைக்கு அண்ணன் சொல்லிக்கொடுப்பான், வகுப்பாசிரியர் சொல்லிக்கொடுப்பார். கிராமத்துப் பிள்ளையோ தொடர்பு நிலையக்காரரின் கையிலே தன் எதிர்காலத்தைக் கொடுத்துவிட்டு வெளி வாங்கில் உட்கார்ந்திருக்கிறது. பின்னர் அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்கள் நீண்டவை. அக்காலத்தில் ஒருவர் ஆங்கிலமும் கணினியும் கற்கிறார். மற்றவர் கடையிலே கணக்கெழுதப் போகிறார். ஒரே நாளில் மருத்துவ பீடத்தினுள் நுழையும்போது இருவர்க்கும் இடையே உள்ள தூரம் இன்னும் கூடிவிடுகிறது.

உள்ளே சென்றபின் நடப்பதென்ன? அதுவரை தமிழில் அல்லது சிங்களத்திற் படித்த பிள்ளைகள் அனைவரும் ஆங்கிலத்திலே உடற்கூற்றியல் கேட்கவேண்டும். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் மானிப்பாயில் தமிழிற் படித்த பாடம் இது என்று எண்ணிப் பெருமூச்சு விடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு ஆறுதலில்லை. கேள்வி தெரிந்தும் விடை தெரிந்தும் வாய் திறக்க வெட்கப்பட்டு மௌனமாயிருக்கும் கிராமத்து மாணவரைப் பார்த்து, "ஒதுக்கீட்டில் வந்தவர்" என்று முணுமுணுப்போர் உண்டு. இச்சொல் கொடியது, பொருளுமற்றது. உள்ளே வந்தபின் மாவட்டத்துக்கொரு பரீட்சை இல்லை. எல்லார்க்கும் ஒரே பாடம், ஒரே நோயாளி, ஒரே இறுதிப் பரீட்சை. ஐந்தாண்டு படித்துச் சித்தியடைந்து, ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் முடித்த வைத்தியரின் கையைப் பிடித்து நாடி பார்க்கக் கொடுக்கும்போது, "உமது இசட் புள்ளி என்ன?" என்று எந்த நோயாளி கேட்கிறார்?

1981 இல் ஏற்பட்ட மகாபொல புலமைப்பரிசில் போன்ற உதவிகள் வறிய மாணவர்க்கு ஓரளவு கைகொடுக்கின்றன. விடுதியும் உணவும் புத்தகமும் அதற்குள் அடங்கா. பகிடிவதையை 1998 ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியது. சட்டம் வந்தும் பழக்கம் முற்றாக ஒழியவில்லை. கிராமத்துப் பிள்ளை அதனால் அதிகம் கலங்குகிறது. பல்கலைக்கழக மாணவராகிய எம்மைப் பொறுத்தவரை இது பிறரைக் குறைகூறி விட்டுவிடும் காரியமன்று. முதல்நாள் வரும் பிள்ளையின் பெட்டியைத் தூக்கிக் கொடுப்பதா, அப்பிள்ளையை முழங்காலில் நிறுத்துவதா என்பது எம் கையிலே உள்ளது.

இத்தனையும் ஏன் பேசவேண்டும்? வைத்தியப் பதவி சிலர்க்குக் கிடைத்துச் சிலர்க்குக் கிடையாமற் போவது அவரவர் வீட்டுக் காரியந்தானே என்று எண்ணலாம். அப்படியன்று. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரம் வகுத்து, நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என நான்கையும் மருத்துவத்தின் உறுப்புகளாக எண்ணினார். நம் கிராமங்களிலே முதலாம் உறுப்புக்குக் குறைவில்லை. இரண்டாம் உறுப்புத்தான் அரிது. எல்லைப்புற வைத்தியசாலைக்கு நியமனம் பெறுவோர் பலர் இடமாற்றக் கடிதத்தை எதிர்பார்த்தே நாளைக் கழிக்கின்றனர். அந்த மண்ணிற் பிறந்து, அந்த மக்களின் பேச்சை அறிந்து, அங்கே தாய் தந்தையர் வாழும் ஒருவர் அங்கு நிலைத்திருக்க இன்னும் ஒரு காரணம் கூடுதலாக உண்டு. யுத்தகாலத்திலே, மருந்துக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடான ஊர்களில் கடமையை விடாது நின்ற வைத்தியர்களை நம் மக்கள் இன்றும் கைகூப்பி நினைக்கின்றனர். கிராமத்துப் பிள்ளைக்கு மருத்துவ பீடத்தில் ஓர் இடம் என்பது, நாளை ஒரு கிராமத்துக்கு ஒரு வைத்தியர் என்பதற்கான நம்பிக்கையுமாகும்.

இவ்விடத்தில் கிராமத்திலிருந்து சென்ற சகோதரர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். மாவட்டத்தின் பேரால் இடம் பெற்று, பட்டம் பெற்றதும் அம்மாவட்டத்தை எட்டியும் பாராதிருந்தால், ஒதுக்கீட்டைப் பழிப்பவர்க்கு நாமே சாட்சி சொல்பவராவோம். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது மானமுள்ளோர் வழக்கம். வாழ்நாள் முழுவதும் வேண்டாம்; சில ஆண்டுகளாவது பிறந்த மண்ணிற் பணிசெய்யட்டும்.

பெரியோர்களே! உங்களிடத்தும் ஒரு குறையிரப்பு உண்டு. பிள்ளை பிறந்தவுடனே டாக்டர் என்றும் எஞ்சினியர் என்றும் பெயர் சூட்டாத குறையாக வளர்க்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். விண்ணப்பிப்போரில் மிகச் சிலர்க்கே மருத்துவ பீடத்தில் இடமுண்டு என்பது எந்த முறையிலும் மாறாத உண்மை. இடம் கிடையாத பிள்ளை குற்றவாளி போலத் தலைகுனிந்து கோயிலுக்கும் வராமல் ஒளிந்து திரிவதை யாம் கண்டிருக்கின்றோம். விவசாய விஞ்ஞானமும் தாதியர் கல்வியும் ஆசிரியத் தொழிலும் இழிந்தவையல்ல. டாக்டர் மாப்பிள்ளைக்கு ஒரு விலையும் மற்றையவர்க்கு வேறு விலையும் பேசும் சந்தை இருக்குமட்டும் பிள்ளைகளின் நெஞ்சிலிருந்து இப்பாரத்தை இறக்க முடியாது. சிவனுக்குச் செய்யும் தொண்டு போலவே சீவனுக்குச் செய்யும் தொண்டும் எத்தொழிலிலும் செய்யலாம்.

இனிச் செய்யவேண்டியன யாவை? ஒதுக்கீட்டு முறையைத் திருத்துவது அரசின் கையில் உள்ளது. பிள்ளை படித்த பாடசாலையின் வசதியையும் குடும்பத்தின் நிலையையும் கருத்திற்கொள்ளும் நுட்பமான முறை வேண்டுமென நாம் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். அதுவரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. நாவலர் அரசாணைக்குக் காத்திருந்து பாடசாலை தொடங்கவில்லை.

முதலாவது, விடுமுறையிலே ஊருக்கு வரும் பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரும் சங்க வாசிகசாலையில் வாரம் இரண்டு மாலை உயர்தர மாணவர்க்கு இலவசமாகப் பாடம் சொல்லவேண்டும். இதற்கு யாம் இன்றே பெயர் கொடுக்கின்றோம். இரண்டாவது, வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க, வெறுமனே பூட்டிக்கிடக்கும் கோயில் மடங்களில் ஒன்றையேனும் விடுதியாக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் தகுந்த பாதுகாப்போடு தனியிடம் வேண்டும். மூன்றாவது, திருவிழாவிலே வாணவேடிக்கைக்கும் மின்னலங்காரத்துக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பங்கைப் பின்தங்கிய பாடசாலை ஒன்றின் ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கவேண்டும். ஒரு நாழிகையில் வானத்திலே எரிந்துபோகும் பணம், பத்தாண்டு நிலைக்கும் நுணுக்குக்காட்டியாக மாறட்டும். நான்காவது, பெறுபேறு வந்த வாரத்திலே விண்ணப்பம் நிரப்ப உதவும் நிலையமொன்றைச் சங்கம் நடத்தவேண்டும். ஐந்தாவது, அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் ஆங்கில வகுப்பு நடத்தவேண்டும்; நம்மிடையே உள்ள இளைப்பாறிய ஆசிரியப் பெருமக்களுக்கு இது தக்க பணி. இவற்றுள் எதுவும் பெருந்தொகையை வேண்டுவதன்று, மனத்தை வேண்டுவது.

கிராமத்து மாணவரும் நகரத்து மாணவரும் ஒருவர்க்கொருவர் பகைவரல்லர். ஒருவரின் இடத்தை மற்றவர் பறித்துவிட்டதாக இருவரும் எண்ணுகின்றனர். உண்மையிலே இருவரும் ஒரே குறுகிய வாயிலின்முன் நெருக்குண்டு நிற்பவர்கள். அவ்வாயிலை அகலமாக்குவதும், அதற்கு வரும் பாதைகளைச் சமமாக்குவதும் ஒரு தலைமுறையின் வேலை. அந்தத் தலைமுறை நாமாக இருப்போமாக.

இப்பணி இனிது நிறைவேற எல்லாம் வல்ல சிவபெருமானின் திருவருளை வேண்டி அமைகின்றோம்.